பாதி ஆழத்தில் பிளந்த கட்டை

கட்டடக்கலை நான்காம் ஆண்டு படித்தபோது, வகுப்புத் தோழர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு மர வடிவமைப்புப் போட்டியில் கலந்துகொண்டேன். பத்துப் பேர் உட்காரும்படி ஒரு நிழற்கூரை வேண்டும். எந்தத் துண்டும் 1.2 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, எல்லாம் கழற்றி மாட்ட வர வேண்டும். இரண்டு ஏ1 தாள்கள், ஒரு சிறிய மாதிரி, உண்மையான அளவில் ஒரு இணைப்பு. கடைசியாகக் கேட்டிருந்த அந்த இணைப்பை நாங்கள் லேசாக எடுத்துக்கொண்டோம்.

குட்டைக் கட்டைகளால் அகலமான கூரை என்பதால், ஒவ்வொரு கட்டையும் அடுத்ததன் மேல் தலை வைத்து நிற்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். நடுவில் தூண் தேவையில்லை. எல்லாக் கட்டைகளும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒன்று இன்னொன்றில் உட்காரும் இடத்தில் பாதி ஆழத்துக்கு வெட்டு கொடுத்தோம். கணினியில் மிக அழகாக இருந்தது. ஐந்து வாரம் அதிலேயே போனது.

ஆறாவது வாரம் பட்டறைக்குப் போனோம். தச்சர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நடுவுல இவ்வளவு எடுத்துட்டா எது தாங்கும்?" என்று கேட்டார். செய்து பார்த்துவிடலாம் என்றோம். மூன்றாவது மணல் மூட்டையை வைத்ததும் வெட்டின் மூலையில் ஒரு கீறல் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நார் ஓடும் திசையில் நீண்டு, கட்டை இரண்டாகப் பிளந்தது.

அன்று இரவு கணக்குப் போட்டோம். அடுத்த கட்டை வந்து உட்காரும் இடத்தில்தான் வளைக்கும் விசை அதிகம். நாங்கள் மரத்தைக் குறைத்ததும் அதே இடத்தில்தான். வளைவைத் தாங்கும் பலம் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி ஆழம் போனால் கால் பங்கு பலம்தான் மிஞ்சும். அதோடு, மரத்தை நாருக்குக் குறுக்கே இழுத்தால் எளிதில் பிளந்துவிடும். சூத்திரம் எல்லாம் தேர்வில் எழுதியவைதான். ஆனால் மரம் பிளந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவை உறைத்தன.

சரி, வெட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கட்டை மேல் கட்டையை அப்படியே ஏற்றி ஒரு போல்ட் போட்டோம். அப்போது நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் ஏறி நின்றதால், கட்டையின் தடிமனே கூரையை மெல்லக் குவித்து எழுப்பியது. வரைந்து கொண்டுவர முடியாத ஒரு வளைவு அது. முதல் தாளை முழுக்க மாற்றி, பிளந்த கட்டையின் படத்தையும் அதில் சேர்த்தோம். ஈரத்தில் மரம் உப்பும் என்பதால் போல்ட் துளைகளை 2 மில்லிமீட்டர் பெரிதாக்கினோம்.

பங்கேற்பவர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் போட்டியில் தாளில் குறியீட்டு எண் மட்டும்தான் இருக்கலாம். அனுப்புவதற்கு முந்தைய இரவுதான், ஒரு புகைப்படத்தில் தோழனின் சட்டையில் கல்லூரிப் பெயர் இருந்ததைக் கவனித்தோம். படங்களையும் கோப்புப் பெயர்களையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இறுதிச் சுற்றுவரை போனோம், பரிசு கிடைக்கவில்லை. நடுவர் ஒருவர் கூரையைப் பாராட்டிவிட்டு, கட்டையின் கால் மண்ணைத் தொடும் இடத்தைக் காட்டி, "மழை பெய்தால் இங்கே என்ன ஆகும்?" என்று கேட்டார். மரம் நாருக்குக் குறுக்கே அறுத்த முனையில்தான் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். எங்களிடம் பதில் இல்லை. இப்போது அந்தக் காலை மட்டும் தனியாக வரைந்துகொண்டிருக்கிறோம்: தரையிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் இரும்புத் தாங்கி, அடியில் தண்ணீர் வடிய இடைவெளி. அடுத்த வாரம் பட்டறையில் செய்து பார்க்கப் போகிறோம்.