திமிங்கிலம் பார்க்க டிக்கெட்டா?

நீரோடியில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் தமிழ்நாட்டின் கடைசி அலைச் சத்தம் கேட்கும். கொஞ்சம் நடந்தால் பொழியூர், அது கேரளம். நான்கு ஆண்டுகள் கழித்து விடுப்பில் வந்த என்னிடம் மாமா கேட்ட முதல் கேள்வி: "காசு கொடுத்துத் திமிங்கிலம் பார்க்கப் போனாயாமே?"

போனேன். நான் பிழைக்கும் ஆண்டெனஸ், நார்வேயின் வடக்கே ஆண்டோயா தீவின் நுனியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் 300 கி.மீ. மேலே இருக்கிறது. கரையில் தென்னை கிடையாது. கடலிலிருந்தே கறுத்த மலைகள் பல் பல்லாக எழும். மீன் ஆலையில் வேலை. நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. முதல் ஆண்டு அந்த இருட்டுக்குப் பயந்து, ஊர் திரும்ப விமான டிக்கெட் விலைகூடப் பார்த்தேன். பிறகு காட் மீன் சீசன் தொடங்கியது, ஓவர்டைம் கிடைத்தது, தங்கிவிட்டேன்.

கோடையில், உடன் வேலை செய்பவர்கள் படகுக்கு இழுத்துப் போனார்கள். கடற்புறத்தில் பிறந்த நான்தான் முதலில் வாந்தி எடுத்தேன். அதை மாமாவிடம் சொல்லவில்லை.

அங்கே கரைக்குப் பக்கத்திலேயே கடலடி பள்ளத்தாக்காகச் சரிந்து ஆயிரம் மீட்டருக்கும் கீழே போகிறது. அந்த ஆழத்துக் கணவாயைத் தின்னத்தான் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் வருகின்றன. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தி, நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கினார். டக், டக், டக் என்று கட்டையில் தட்டுவது போன்ற சத்தம். பாட்டா துடுப்பை நீரில் இறக்கி, அதன் மேல்முனையில் காதை வைத்து மீன் கூட்டம் கேட்டது நினைவுக்கு வந்தது. சத்தம் நின்றால் அது மேலே வருகிறது என்று பொருளாம்.

வந்தது. மிதக்கும் மரத்தடி போல ஒரு முதுகு. இடப்பக்கமாகச் சாய்ந்து பீறிடும் மூச்சு. பத்து நிமிடம் அப்படியே கிடந்தது. பிறகு வாலை நிமிர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனது. இனி முக்கால் மணி நேரம் வராது என்றார்கள்.

"இங்கே வருவதெல்லாம் ஆண்கள்தான் மாமா. பெண்ணும் குட்டிகளும் வெப்பக் கடலிலேயே இருந்துவிடும்."

"அப்படியானால் அதுவும் வளைகுடா வேலைக்காரன்தான்" என்றார், 18 ஆண்டு மஸ்கட்டில் இருந்தவர்.

அதே ஊரில் மிங்கே திமிங்கில இறைச்சி கடையில் விற்கிறது என்றதும் அத்தை முகத்தைச் சுளித்தார். எனக்கும் அந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. பேச்சு அம்பருக்குத் தாவியது; ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகி, வாசனைப் பொருளுக்காகப் பெருவிலை போகும் மெழுகுக் கட்டி அது. 2022இல் விழிஞ்ஞம் மீனவர்கள் 28 கிலோ அம்பரைக் கடலில் கண்டெடுத்து அரசிடம் ஒப்படைத்ததை மாமா பெருமையும் பெருமூச்சுமாகச் சொன்னார். விற்றால் சிறை.

மாமா ஆழ்கடலில் சுறாத் தூண்டில் போட்டவர். ஓர் இரவு விசைப்படகை ஒட்டித் திமிங்கிலம் எழுந்ததாம். எல்லோரும் ஜெபம் சொன்னார்களாம்.

"அது மூச்சு விட்டபோது அழுகல் நாற்றம் அடித்ததா?"

"காற்று எதிர்ப்பக்கம், மாமா."

"அப்படியானால் நீ தூரத்தில்தான் நின்றிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, வலையைத் தைக்கப் போய்விட்டார்.