கதை போகச் சொல்லும், புதிர் நில்லுன்னு சொல்லும்

காலேஜ் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு நாங்க நாலு பேர் சேந்து ஒரு கதை விளையாட்டு பண்ணோம். படிக்கறவங்களே முடிவெடுத்து கதையை நகத்தணும், நடுநடுவுல புதிர் வரும், அதை அவிழ்த்தா தான் அடுத்த கட்டம். இப்போ நான் வேலைல பண்றது ஃபார்ம், ஸ்கிரீன், பட்டன் இந்த மாதிரி சமாச்சாரம், கேமுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் டிசைன் மீட்டிங்ல யாராவது ரெண்டு பேர் முட்டிக்கிட்டா எனக்கு அந்த ப்ராஜெக்ட்ல நடந்த சண்டை தான் ஞாபகம் வருது. யோசிச்சுப் பாத்தா அது ஒரே சண்டை தான், வாராவாரம் வேற வேஷத்துல வந்துச்சு. கதை எழுதின தோழிக்கு ப்ளேயர் போயிட்டே இருக்கணும், அடுத்து என்ன அடுத்து என்னன்னு. புதிர் போட்டவனுக்கு ப்ளேயர் நிக்கணும், நின்னு தலையைப் பிச்சுக்கணும். ஒருத்தரோட வெற்றி இன்னொருத்தருக்கு இடைஞ்சல். நான் கோடு எழுதற ஆள், ரெண்டு பேர் சொல்றதையும் ஒரே ஃபைல்ல போட வேண்டிய ஆள், அதனால நடுவுல மாட்டுனது நான். நாலாவது ஆள் படம் வரையறவன், அவன் எதுலயும் தலையிட மாட்டான், ஆனா கடைசில எல்லாரையும் விட பெரிய குழப்பம் பண்ணது அவன் வரைஞ்ச ஒரு படம் தான், அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல கிளைக் கணக்கு. இந்த மாதிரி ப்ராஜெக்ட் எடுக்கற எல்லா குரூப்பும் ஆரம்பத்துல சொல்ற டயலாக் ஒண்ணு இருக்கு, "ஒவ்வொரு முடிவுக்கும் கதை தனியா பிரியணும்"னு. கேக்க நல்லா இருக்கும். ஒரு தடவை ரெண்டு வழி, அப்படி பத்து தடவை முடிவெடுக்கணும், எந்தக் கிளையும் திரும்ப சேராதுன்னு வெச்சுக்கோங்க, முடிவு மட்டும் 1024 வரும். ஆரம்பத்துலேந்து கணக்கு போட்டா மொத்தம் 2047 பக்கம் எழுதணும், ஆனா ஒரு தடவை விளையாடற ஆளு அதுல 11 பக்கம் தான் பாப்பார். இதை போர்டுல போட்டுக் காமிச்சதும் எழுதற தோழி மார்க்கரை வாங்கி வெச்சுட்டு ஒண்ணும் பேசல. அதனால தான் இந்தத் துறைல இருக்கறவங்க பிரிஞ்சு பிரிஞ்சு திரும்ப ஒரு முக்கியமான இடத்துல சேர்ற மாதிரி கட்டுறாங்க, பிரிஞ்சப்போ என்ன பண்ணாங்கன்னு வேரியபிள்ல, அதாவது கோடுல ஒரு மதிப்பை ஞாபகம் வெச்சுக்கற பெட்டில, சேத்து வெச்சுப்பாங்க, பின்னாடி வர்ற வசனம் அதுக்குத் தகுந்த மாதிரி மாறும். இதுலயும் ஒரு பொறி இருக்கு, ஆமா இல்லைன்னு ரெண்டே மதிப்பு வர்ற வேரியபிள் எட்டு வெச்சாலே 256 நிலைமை ஆயிடும், அத்தனையையும் கையால டெஸ்ட் பண்ண எந்த ஸ்டூடன்ட் குரூப்புக்கும் நேரம் கிடையாது. நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன், அது கண்ணை மூடிட்டு கிடைச்ச சாய்ஸை எல்லாம் அமுக்கிட்டே போகும், எங்க முட்டு சந்துல நிக்குதோ அந்த இடத்தை எழுதி வெச்சுட்டு திரும்ப ஆரம்பிக்கும். ராத்திரி ஓட விட்டுட்டு காலைல வந்து பாத்தா லிஸ்ட் இருக்கும். மொத்த ப்ராஜெக்ட்லயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச கோடு அது தான், ஒரு மார்க்கும் வாங்கித் தரல.

டூல் விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். ட்வைன் 2009ல கிறிஸ் க்ளைமஸ் வெளியிட்டது, கோடிங் தெரியாதவங்களும் பெட்டி பெட்டியா எழுதி அம்புக்குறி போட்டு கதை கட்டலாம், தனியா பண்றவங்களுக்கு அதை விட சுலபமா எதுவும் இல்ல. குரூப்பா பண்ணும்போது தான் கஷ்டம், வெப் வெர்ஷன்ல கதை அவங்கவங்க ப்ரௌசருக்குள்ளயே சேவ் ஆகும், வெளிய எடுத்தா மொத்தமும் ஒரே எச்டிஎம்எல் ஃபைல், ரெண்டு பேர் ஒரே நேரத்துல மாத்தினா கிட்ல, அதாவது யார் என்ன மாத்தினாங்கன்னு பதிஞ்சு வெக்கற டூல்ல, ரெண்டையும் ஒண்ணா சேக்கறதுக்குள்ள உயிர் போயிடும். நாங்க இங்க்குக்கு மாறினோம், இங்கிள்னு ஒரு ஸ்டூடியோ 2016ல ஓப்பன் சோர்ஸா குடுத்த மொழி அது. சாதா டெக்ஸ்ட் ஃபைல், அத்தியாயம் அத்தியாயமா தனித்தனி ஃபைலா பிரிச்சுக்கலாம், எங்கயாவது கதை தொங்கிட்டு நின்னா கம்பைலரே எச்சரிக்கும். எழுதறவளும் ரெண்டு வாரத்துல கிட் கத்துக்கிட்டா, ஒவ்வொரு மாத்தத்தையும் பதியும்போது போடற குறிப்பை, அதான் கமிட் மெசேஜை, மட்டும் சிறுகதை நீளத்துக்குப் போடுவா.

இப்போ புதிருக்கு வரேன். கதை ஒரு லைட்ஹவுஸ்ல நடக்குது, விளக்கைப் பாத்துக்கற பெரியவர் காணாம போயிட்டார், ப்ளேயர் உள்ள போய் என்ன ஆச்சுன்னு கண்டுபிடிக்கணும். புதிர் போட்டவன் வாசல் கதவுலயே கட்டையை நகத்தற அந்த 15 புதிரை வெச்சான், நாலுக்கு நாலு கட்டம், ஒரு இடம் காலி, கட்டைகளை நகத்தி நம்பர் வரிசைல அடுக்கணும். எழுதறவ கேட்ட முதல் கேள்வி, "எந்த மனுஷன் தன் வீட்டுக் கதவுல இதை மாட்டி வெப்பான்?" அவன் கிட்ட பதில் இல்ல, ஆனா கேம்ன்னா அப்படித்தான்னு சாதிச்சான். அதுக்கு மேல ஒரு டெக்னிகல் பிரச்சனையும் இருந்துச்சு. கட்டைகளை ரேண்டமா கலைச்சா பாதிக்குப் பாதி அடுக்கு தீர்க்கவே முடியாததா வரும், எத்தனை மணி நேரம் நகத்தினாலும் வராது, 1879லயே ஜான்சன், ஸ்டோரின்னு ரெண்டு பேர் இதைக் கணக்குல நிரூபிச்சுட்டாங்க. தீர்வு ஈஸி தான், முடிச்ச நிலைலேந்து ஆரம்பிச்சு விதிப்படி நகத்தியே கலைச்சுட்டா எப்பவும் திரும்ப வர முடியும். அதைப் பண்ணோம், அது அருமையா வேலை செஞ்சுச்சு, ரிவ்யூல எல்லாரும் ரசிச்சாங்க, அப்புறம் அந்தக் கதவுப் புதிரை மொத்தமா தூக்கினோம். ஏன்னா விளையாடிப் பாத்தவங்க எல்லாரும் உள்ள போனப்புறம் அந்தப் பெரியவரைப் பத்தி ஒரு கேள்வியும் கேக்கல, அடுத்த கட்டை எங்கன்னு தேடினாங்க. ஒரு கேம் முதல் ரெண்டு நிமிஷத்துல என்ன கத்துக்குடுக்குதோ அதைத் தான் ப்ளேயர் கடைசி வரைக்கும் பண்ணுவார்.

அதுக்கப்புறம் வந்தது தான் எங்க கேம்லயே உருப்படியான புதிர், அது எங்க ரெண்டு கட்சியும் சேந்து பண்ணது. மேஜைல பெரியவரோட பதிவேடு இருக்கும், ஒவ்வொரு ராத்திரிக்கும் ரெண்டு வரி. டிராயர் பூட்டுக்கு ஒரு தேதி போடணும். எந்தத் தேதின்னு எங்கயும் எழுதியிருக்காது. பெரியவர் எப்பவும் காத்துலேந்து ஆரம்பிப்பார், "வடகிழக்குக் காற்று. அலை சுமார். விளக்கு சரி." இவ்ளோ தான். ஒரு தேதிக்கு அப்புறம் பதிவு விளக்குலேந்து ஆரம்பிக்கும், வாக்கியம் கொஞ்சம் நீளமாகும், காத்து கடைசில வரும். அதாவது அந்த நாள்லேந்து எழுதறது வேற ஆள். பெரியவருக்குக் கண்ணு போயிடுச்சு, வேலை போயிடக் கூடாதுன்னு உதவிக்கு இருந்த பையன் அவர் பேர்ல எழுதிட்டு வரான், அது தான் கதையோட முடிச்சே. எழுத்து மாறின தேதி தான் பூட்டோட நம்பர். இதுல படிக்காம அவிழ்க்க முடியாது, அவிழ்க்காம கதை புரியாது. படம் வரையறவன் ரெண்டு கையெழுத்துக்கும் வேற வேற ஃபான்ட் போடலாம்னான், எழுதறவ கூடவே கூடாதுன்னா, ஃபான்ட் மாறினா கண்ணு கண்டுபிடிச்சுடும், மூளைக்கு வேலை இல்ல. அவ சொன்னது சரி.

இந்தப் புதிரால இன்னொண்ணும் பிடிபட்டுச்சு. புதிர்ங்கறது கேள்விலேந்து தொடங்கணும், பதில்லேந்து இல்ல. ரான் கில்பர்ட்ங்கற கேம் டிசைனர் 1989லயே ஒரு கட்டுரைல இதைத் தான் எழுதியிருந்தார், கதவைப் பாக்கறதுக்கு முன்னாடியே சாவி கைல கிடைச்சா அது தலைகீழ் புதிர்னு. எங்க கேம்ல விளக்கைச் சுத்தற கைப்பிடி கீழ்த் தளத்துலயே கிடைச்சுட்டு இருந்துச்சு, மேல போய் மெஷினைப் பாக்கறப்போ எல்லாரும் யோசிக்காமலே அதைச் சொருகிட்டுப் போயிட்டாங்க. மெஷினை முதல்ல காமிச்சு, கைப்பிடியை அதுக்கு அப்புறம் கிடைக்கற மாதிரி மாத்தினதும் அதே காட்சி தான், ஆனா இப்போ கைப்பிடியைப் பாத்ததும் முகத்துல ஒரு வெளிச்சம் வருது. ஒரு வரி கோடு கூட புதுசா எழுதல.

தமிழ்ல பண்றோம்ங்கறதால வந்த தலைவலி தனி. எழுத்து ஒண்ணொண்ணா டைப் ஆகற மாதிரி வர்ற எஃபெக்ட் எல்லா கதை கேம்லயும் இருக்கும், நாங்களும் போட்டோம். கதைல வர்ற கப்பலுக்கு "கொற்கை"ன்னு பேர். ஸ்கிரீன்ல முதல்ல "க" வருது, அடுத்த நொடி அதுக்கு முன்னாடி ஒரு கொம்பு முளைச்சு "கொ" ஆகுது, அப்புறம் "ற" வந்து அது தலைல புள்ளி விழுது, ஒவ்வொரு தடவையும் வரி ஆடுது. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கற யூனிகோட் முறைல "கொற்கை" ஆறு துண்டு, நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து. கம்ப்யூட்டர் துண்டு துண்டா காமிக்குது. ஜாவாஸ்கிரிப்ட்ல இன்ட்ல் செக்மென்டர்னு ஒண்ணு இருக்கு, அது எழுத்து எழுத்தா பிரிச்சுக் குடுக்கும், அதை வெச்சதும் வரி ஆடறது நின்னுச்சு. ஆனா கப்பல் பேரை டைப் பண்ணச் சொன்ன புதிர்ல அதை விடப் பெரிய கூத்து. சில பேர் சரியா அடிச்சும் தப்புன்னு வந்துச்சு, ஸ்கிரீன்ல பாத்தா அச்சு அசல் அதே பேர். நோண்டிப் பாத்தா சில கீபோர்ட் "ொ"வை ஒரே குறியா போடுது, சிலது "ெ", "ா"ன்னு ரெண்டா போடுது, பாக்க ஒண்ணு, உள்ள வேற. ரெண்டு பக்கத்தையும் யூனிகோட் நார்மலைசேஷன் பண்ணி, அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டு, ஒப்பிட்டா சரியாயிடும். தமிழ்ல டைப் அடிக்கற புதிர் பண்றவங்க இதை முதல் நாளே போட்டுடுங்க, இல்லன்னா உங்க ப்ளேயர் தன்னைத் தானே முட்டாள்னு நினைச்சுட்டு கிளம்பிடுவார், உங்களுக்குக் காரணமே தெரியாது.

விளையாடிப் பாக்கற ஆளுங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சப்போ எங்க ரூல் ஒண்ணே ஒண்ணு, பின்னாடி நிக்கறவங்க வாயைத் திறக்கக் கூடாது. புதிர் போட்டவனுக்கு இது பெரிய தண்டனை, பதில் தெரிஞ்ச ஆளு சும்மா நிக்கறது சாதாரண விஷயம் இல்ல, ஒரு தடவை அவன் வெளிய போய் நின்னுட்டான். அப்போ தான் அந்தப் படக் கதை. ஒரு பொண்ணு பதிவேட்டைத் திறந்து சும்மா ரெண்டு பக்கம் தட்டிட்டு மூடிட்டா, அப்புறம் சுவர்ல மாட்டியிருந்த கடல் படத்தையே பாத்துட்டு இருந்தா. அலையை எண்ணினா. படத்துல இருந்த பறவைகளை எண்ணினா. அந்த நம்பரை எல்லாம் பூட்டுல போட்டுப் பாத்தா. அந்தப் படத்துல ஒண்ணுமே இல்ல, சும்மா அலங்காரத்துக்கு வெச்சது, ஆனா ரூம்லயே நல்லா வரைஞ்சது அது தான், மத்ததெல்லாம் மங்கல். நல்லா இருக்கறது எல்லாம் க்ளூன்னு தான் ப்ளேயர் எடுத்துப்பார், அவர் மேல தப்பே இல்ல. படத்தை மங்கலாக்கினோம், பதிவேட்டை ஜன்னல் வெளிச்சம் விழற இடத்துல வெச்சோம். வரைஞ்சவன் ரெண்டு நாள் பேசல.

வைவால எதிர்பார்த்த மாதிரியே "என்ன அல்காரிதம் யூஸ் பண்ணீங்க"ன்னு தான் கேட்டாங்க. மார்க் ஷீட்ல மாட்யூலுக்கு இடம் இருக்கு, டேட்டாபேஸுக்கு இடம் இருக்கு, கதைக்கு ஒரு வரி கூட இல்ல. அத்தனை பக்கம் எழுதினவளுக்கு அங்க சொல்ல ஒண்ணும் இல்லாத மாதிரி ஒரு நிலைமை, எனக்கு இன்னி வரைக்கும் அது உறுத்துது. ஆனா அவ சாமர்த்தியக்காரி. எந்தப் புதிர் எதைச் சார்ந்து இருக்குன்னு நாங்க சார்ட் பேப்பர்ல போட்டிருந்த படத்தை விரிச்சு வெச்சா, இது டைரக்டட் கிராஃப் (அம்புக்குறி போட்டு இணைச்ச படம்), இதுல சுழற்சி வந்தா கேம் மாட்டிக்கும், டோபாலஜிகல் ஆர்டர்ல (முன்னாடி முடிய வேண்டியது முன்னாடி வர்ற வரிசைல) தான் அத்தியாயம் எழுதினேன்னு ஆரம்பிச்சா. அவ சொன்னது அத்தனையும் உண்மை, எழுதும்போது அந்தப் பேர் தான் அவளுக்குத் தெரியாது. எதிர்ல இருந்தவங்க தலையை ஆட்டிட்டே எழுதிக்கிட்டாங்க.

கதையும் புதிரும் ஒட்டிப் பொறந்ததுன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு தகவல். இந்த வகைக்கெல்லாம் முன்னோடியான குகை கேமை 1976 வாக்குல எழுதின வில் க்ரௌதர் நிஜமாவே குகைக்குள்ள போய் மேப் போடற ஆளு, அதுல நிறைய பகுதி அவர் பாத்த இடம் தான். 1977ல டான் வுட்ஸ் அதை எடுத்து புதையல், புதிர், மாயமெல்லாம் பெருசா சேத்தார். ஊர் சுத்திக் காட்டணும்னு ஒருத்தர், நிறுத்தி வெச்சு கேள்வி கேக்கணும்னு இன்னொருத்தர்.

எங்க சண்டைல தீராத ஒண்ணு பாக்கி இருக்கு. கடைசி வாரத்துல எழுதறவ ஒரு பட்டன் கேட்டா, புதிர் வரலன்னா தாண்டிப் போய் கதையைத் தொடர. புதிர் போட்டவன் அப்போ நான் எதுக்கு இங்க இருக்கேன்னு கேட்டான். ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. நான் பட்டனை வெச்சேன், ஆனா புதிர் முன்னாடி கொஞ்ச நேரம் நின்னதுக்கு அப்புறம் தான் அது தெரியும். எவ்ளோ நேரம்ங்கறதை ஒரு வேரியபிள்ல போட்டு வெச்சேன், ரெண்டு பேரும் மாறி மாறி அதை மாத்தி கமிட் பண்ணிட்டே இருந்தாங்க. போன மாசம் எங்க கோடு இருக்கற ரெப்போவைத் திறந்தா புதுசா ஒரு கமிட் இருக்கு, புதிர் போட்டவன் அதை பத்து நிமிஷம் ஆக்கியிருக்கான்.