கயானாவில் கடன் விண்ணப்பங்களோடு சில வருடங்கள்

கயானாவில் நான் பார்த்த வேலை, சிறுகடன் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது. தலைநகர் ஜார்ஜ்டவுனில் ஒரு மாடி அலுவலகம். சந்தையில் காய்கறி விற்பவர்கள், கோழி வளர்ப்பவர்கள், தையல் தைப்பவர்கள், வீட்டு முன்னறையில் பெட்டிக்கடை வைத்திருப்பவர்கள் என்று எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விண்ணப்பத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. பலர் அதில் 'ஹவுஸ்வைஃப்' என்றுதான் எழுதியிருப்பார்கள். பக்கத்தைத் திருப்பினால் வரவுசெலவுக் கணக்கு வேறு கதை சொல்லும். முட்டை விற்ற காசு, ஊறுகாய் பாட்டில் விற்ற காசு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதற்கு வந்த காசு, நியூயார்க்கில் இருக்கும் அக்கா அனுப்பிய காசு. எல்லாவற்றையும் கூட்டினால் கணவரின் சம்பளத்தைத் தாண்டிவிடும். ஆனாலும் தொழில் என்ன என்று கேட்டால் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்பார்கள்.

தென் அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு கயானா. 2012 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏழரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் சுமார் 40 சதவீதம் இந்திய வம்சாவளி, 29 சதவீதம் ஆப்பிரிக்க வம்சாவளி, 20 சதவீதம் கலப்பினத்தவர், பத்து சதவீதத்துக்குச் சற்று அதிகமாகப் பழங்குடியினர். போர்த்துகீசியர், சீனர் வழிவந்தவர்களும் கொஞ்சம் பேர். அரசியல் நீண்ட காலமாக இந்தியர் கட்சி, ஆப்பிரிக்கர் கட்சி என்றே பிரிந்து கிடக்கிறது. சந்தையில் அந்தக் கோடு எப்படி ஓடுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பார்க்க எனக்கு வாய்த்தது. அதற்குக் காரணம் 'பாக்ஸ் ஹேண்ட்'.

நம் ஊர்ச் சீட்டேதான். ஏலம் மட்டும் கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வாரம் ஆளுக்கு ஐயாயிரம் கயானா டாலர், அதாவது அப்போது ஏறக்குறைய 24 அமெரிக்க டாலர். ஒவ்வொரு வாரமும் ஒருவருக்கு மொத்தப் பணம். அதை 'கை' என்பார்கள். யாருக்கு எந்த வாரம் கை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுவார்கள். ஸ்கூல் திறக்கும் செப்டம்பரில் கை வேண்டும் என்று சிலர் கேட்பார்கள், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேண்டும் என்று பலர். புதிதாகச் சேர்கிறவருக்குக் கடைசிக் கைதான். பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போய்விடக் கூடாதல்லவா.

எங்கள் கடனாளி ஒருவர் ஜார்ஜ்டவுனின் போர்டா சந்தையில் இந்தப் பெட்டியை, அதாவது இந்தச் சீட்டை, நடத்தினார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண். வாழைக்காய், சேம்பு, மரவள்ளிக் கிழங்கு விற்பார். எல்லாரும் அவரை ஆன்ட்டி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சனிக்கிழமை காலை வியாபாரம் சூடு பிடிக்கும் முன்பே பணம் வந்துவிட வேண்டும் என்பது அவர் சட்டம். ஏப்ரன் பாக்கெட்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டு, அதைச் சுற்றி ரப்பர் பேண்ட். இடது பக்கம் பெயர், வலது பக்கம் வாரத்துக்கு ஒரு கட்டம். பணம் வந்தவுடன் கொடுத்தவர் எதிரிலேயே டிக் போட வேண்டும், கொடுத்தவரும் எட்டிப் பார்க்க வேண்டும். பட்டியலில் அவரைப் போன்ற ஆப்பிரிக்கப் பெண்கள் ஐந்தாறு பேர். பயத்தங்காயும் பாகற்காயும் பூசணியும் கொண்டுவரும் இந்தியப் பெண்கள், ஒரு மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர், பொமரூன் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறி, கஸரீப் என்ற காய்ச்சிய மரவள்ளிச் சாற்றைப் பாட்டிலில் விற்கும் ஒரு பழங்குடிப் பெண். வங்கியில் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். இவர்களில் சம்பளச் சீட்டு இருந்தது அந்தத் துப்புரவுப் பணியாளருக்கு மட்டும்தான்.

2020 மார்ச் 2 அன்று தேர்தல் நடந்தது. வாக்கு எண்ணிக்கையில் தகராறு வந்து, புதிய ஜனாதிபதி பதவியேற்க ஆகஸ்ட் 2 ஆகிவிட்டது. தேர்தல் நடந்த முதல் வாரத்தில் கிழக்கே பெர்பீஸ் பக்கத்தில் சாலை மறியல், அடிதடி. அந்த மார்ச்சிலேயே கொரோனாவும் வந்து சேர்ந்தது. மேற்கு பெர்பீஸிலிருந்து காய் கொண்டுவரும் ஒரு இந்தியப் பெண்மணியால் அடுத்தடுத்து சந்தைக்கு வர முடியவில்லை. நோட்டில் அவர் கட்டங்கள் காலியாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் டிக் விழுந்திருந்தது. ஆன்ட்டி தன் காசைப் போட்டிருந்தார். எப்படி என்று கேட்டேன். "அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என் கை ஒன்பதாவது வாரம். அதுவரைக்கும் பெட்டி உடையக் கூடாது" என்றார்.

கயானாப் பெண்களுக்கு இன வேறுபாடே தெரியாது என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஆலோசகர்கள் இதை விரும்பிச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாகவே தெரியும். மகள் யாரைக் கல்யாணம் செய்யக் கூடாது, எந்தத் தெருவில் வீடு பார்க்கக் கூடாது, எந்த மினிபஸ்ஸில் இரவு ஏறக் கூடாது என்றெல்லாம் வீட்டில் சொல்லிக் கொடுப்பவர்களே பெண்கள்தான். இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டு வாரா வாரம் ஐயாயிரத்தை மற்ற இனத்துப் பெண் கையில் கொடுக்கிறார்கள். பணம் திரும்பி வருகிறது. நல்ல மனசு என்று சொல்லி இதைக் கடந்துபோனால், அந்த நோட்டுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் கணக்கையும் மதிக்காமல் போகிறோம்.

இந்த ஜாக்கிரதைக்கு வரலாறு உண்டு. 1838 ஆகஸ்டில் அடிமைமுறை முழுமையாக ஒழிந்தது. விடுதலையான ஆப்பிரிக்கர்கள் பணத்தைச் சேர்த்து, கைவிடப்பட்ட தோட்டங்களையே விலைக்கு வாங்கி விக்டோரியா, பக்ஸ்டன் போன்ற ஊர்களை அமைத்தார்கள். அங்கே விளைந்ததைச் சந்தைக்குச் சுமந்தவர்கள் பெண்கள். அதே 1838 மே மாதம் முதல் இந்தியக் கூலிக் கப்பல்கள் வந்து இறங்கின. 1917 வரை சுமார் 2,39,000 பேர். மிகப் பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்தவர்கள், மதராஸ் வழியாக வந்தவர்கள் சுமார் 15,000. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று விதி போட்டும் ஆள் கிடைக்காமல் திணறினார்கள். வந்த பெண்களில் விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், தனியாகக் கிளம்பியவர்கள் ஏராளம். தோட்டத்தில் அவர்களுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. பெண்கள் குறைவு என்பதால் அவர்களுக்கு மவுசு இருந்ததாகச் சிலர் எழுதுவார்கள். பொறாமையால் வெட்டிக் கொல்லப்பட்ட மனைவிகளின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் அப்படி எழுதக் கை வராது.

1964-ல் கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லியோனோரா தோட்டத்தில் பெண்கள் வழிமறித்து உட்கார்ந்திருந்தார்கள். மார்ச் 6 அன்று அவர்கள்மேல் டிராக்டர் ஏறி, கௌசில்லா என்ற பெண் இறந்தார். அந்த வருட இனக் கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். டெமராரா கரையில் வயதான பெண்கள் 'சிக்ஸ்டி ஃபோர்' என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வதை இன்றும் கேட்கலாம்.

அப்புறம் ரூபுனூனி. தெற்கே, பிரேசில் எல்லையை ஒட்டிய புல்வெளி. மகூஷி, வபிஷானா மக்களின் ஊர்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து எல்லை ஊரான லெத்தெமுக்குப் போகும் பாதையில் அப்போது பெரும்பகுதி செம்மண், இரவெல்லாம் மினிபஸ் குலுங்கும். அங்கே பெண்களின் நாளை மரவள்ளிதான் நடத்துகிறது. கசப்பு மரவள்ளி, அப்படியே தின்றால் விஷம். கிழங்கைத் தோண்டி, சுமந்து, தோல் சீவி, துருவி, 'மாட்டபி' என்ற நீளமான பின்னல் குழாயில் அடைத்து, உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஒரு கம்பைச் செருகி அதன்மேல் உட்கார்ந்து பிழிகிறார்கள். உடம்பின் எடைதான் விசை. மாவை வறுத்தால் 'ஃபரின்', தட்டிச் சுட்டால் ரொட்டி. வடிந்த சாற்றைக் கறுத்துக் கெட்டியாகும்வரை கொதிக்க வைத்தால் விஷம் போய் கஸரீப் ஆகிறது. கிறிஸ்துமஸ் காலையில் எல்லா இனத்தவர் வீட்டிலும் கொதிக்கும் 'பெப்பர்பாட்' கறிக்கு அதுதான் உயிர். இந்தியர், ஆப்பிரிக்கர் என்று ஓயாமல் பேசும் நாட்டில் பழங்குடிப் பெண்களின் உழைப்பு இப்படித்தான் தட்டுக்கு வருகிறது, பேச்சுக்கு வருவதில்லை. அந்த ஊர்களின் இளம்பெண்கள் படிப்பு முடிந்ததும் நகரத்து வீடுகளுக்கும் தங்கச் சுரங்கத்துக் கடைகளுக்கும் வேலை தேடிப் போகிறார்கள். சிலர் ஏமாற்றப்பட்டு மீள முடியாத இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். 2012-ல் தொடங்கிய கயானா பெண் சுரங்கத் தொழிலாளர் அமைப்பு அப்படிப்பட்டவர்களை நேரில் போய் மீட்டிருக்கிறது. அதன் தலைவியாக இருந்த சிமோனா புரூம்ஸுக்கு 2013-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை விருது கொடுத்தது.

என் வேலையில் மிகவும் சங்கடப்படுத்தியது கணவர்களுக்காகப் பெண்கள் வாங்கும் கடன். கோழிப்பண்ணைக்கு என்று விண்ணப்பம் வரும். நேரில் போய்ப் பார்த்தால் மரக்கால்களின்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில், ஊஞ்சல் துணிக்குப் பக்கத்தில், புதிய படகு எஞ்சின். கோழி ஒன்றுகூட இருக்காது. தவணை கட்ட வேண்டியது அந்தப் பெண். எஞ்சின் ஓட்டுவது அவர் கணவர். கையெழுத்துப் போடும்போது மனமறிந்துதான் போட்டாரா என்று தனியாக உட்கார வைத்துக் கேட்பதை வழக்கமாக்கினோம். சிலர் அழுதார்கள். சிலர், "எஞ்சின் ஓடினால்தான் வீட்டில் சண்டை இல்லை" என்று தெளிவாகச் சொன்னார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 1996-லேயே வந்துவிட்டது. தவணை தவறினால் வீட்டில் என்ன நடக்கும் என்று பயந்து என்னிடம் முன்கூட்டியே வந்து நின்ற பெண்களை நினைத்தால், சட்டம் போக வேண்டிய தூரம் இன்னும் நிறைய இருக்கிறது.

அங்கே எனக்குப் பாதை காட்டியது 'ரெட் த்ரெட்' என்ற பெண்கள் அமைப்பின் வேலை. 1986-ல், மாவும் பருப்புமே தட்டுப்பாடாக இருந்த பொருளாதார நெருக்கடியில் ஆரம்பித்தது. ஆண்டையே என்ற பெண்ணியப் போராளி நிறுவியவர்களில் ஒருவர், 2019-ல் காலமானார். முதலில் எம்பிராய்டரி செய்து வருமானம் தேடினார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்க, இந்திய, பழங்குடி, கலப்பினப் பெண்களை அன்றாடம் என்னென்ன வேலை செய்கிறோம் என்று நேரம் போட்டு எழுத வைத்தார்கள். இனத்தைத் தாண்டி ஒன்றாகுங்கள் என்று பிரசங்கம் செய்வதைவிட இது பெரிய காரியம். விடியுமுன் எழுவதும் கடைசியாகப் படுப்பதும் எல்லாப் பக்கமும் ஒன்றுதான் என்பதை அவர்களே தங்கள் எழுத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதைப் படித்த பிறகு எங்கள் விண்ணப்பத்தின் தொழில் கட்டத்தை எடுத்துவிட்டு, நேற்று என்னென்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கலாம் என்று சொன்னேன். நிர்வாகம் பாதி ஒத்துக்கொண்டது. கட்டம் இருக்கட்டும், கூடவே இதையும் கேளுங்கள் என்றார்கள். சரி, அதுவாவது கிடைத்ததே.

அந்தக் கேள்வியால்தான் கிழக்கே கொரன்டைன் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் களையெடுத்த பெண்கள் எனக்குப் புரிந்தார்கள். மதராஸ் வழி வந்தவர்கள் அதிகம் இருக்கும் பகுதி. வீராசாமி, முனுசாமி என்று குடும்பப் பெயர்கள். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோவிலில் தப்பு அடிப்பார்கள். நோய் தீர வேண்டி ஆப்பிரிக்கப் பெண்களும் வந்து நிற்பார்கள். தமிழ் மொழி சாமிப் பாடல்களில் மட்டும் மிச்சம். தோட்டத்தில் களையெடுத்தவர்கள் இருட்டோடு எழுந்து சமைத்து, அடுக்குக் கேரியரில் சோறு கட்டி, முழங்கால் பூட்ஸும் முழுக்கைச் சட்டையும் தலைத்துணிமேல் தொப்பியுமாக வண்டி ஏறுவார்கள். 2016, 2017-ல் வேல்ஸ், ஸ்கெல்டன், ரோஸ் ஹால் என்று அரசுக் கரும்புத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது செய்திகளில் கரும்பு வெட்டும் ஆண்கள் வந்தார்கள். களையெடுத்த பெண்கள் அவ்வளவாக வரவில்லை.

அவர்களில் ஒருவர் பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்த சம்பளச் சீட்டுகளை என் மேஜையில் கொட்டினார். தேசியக் காப்புறுதித் திட்டத்தில் முதுமை ஓய்வூதியம் கிடைக்க 750 வாரச் சந்தா வேண்டும். பிரசவம், மாமியார் படுக்கை, மழையில் வேலை நின்றது என்று வாரங்கள் விட்டுப்போய், அவருடைய கூட்டுத்தொகை எழுநூறைக்கூடத் தொடவில்லை. அப்படியானால் மாதாமாதம் ஓய்வூதியம் கிடையாது, ஒரே தடவை ஒரு தொகைதான். "நான் வேலைக்குப் போகாத வாரத்திலும் வேலைதானே செய்தேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தத் தொகையில் ஒரு ஃப்ரீசர் வாங்கி மீன் விற்கிறார், எங்களிடம் வாங்கிய கடனையும் அடைத்துவிட்டார்.

2019 டிசம்பரில் கடலில் எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள். ஜார்ஜ்டவுனில் வாடகை ஏறியது, தக்காளி விலை ஏறியது. கடைகளில் வெனிசுவேலாப் பெண்கள் ஸ்பானிஷ் கலந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு நின்றார்கள். ஆன்ட்டியின் பெட்டியிலும் முடிதிருத்தும் வெனிசுவேலாப் பெண் ஒருத்தி சேர்ந்தாள், அவளுக்கும் கடைசிக் கைதான். சட்டப்படி சுயதொழில் செய்கிறவர்களும் காப்புறுதித் திட்டத்தில் தாங்களே சந்தா கட்ட வேண்டும், சந்தையில் அதைச் செய்கிறவர்கள் குறைவு. முப்பது வயதுக்குள் யாராவது கடன் கேட்டு வந்தால் வட்டி விகிதத்தைச் சொல்லும் முன் அந்த 750 வாரக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவோம். பெட்டியில் கை வாங்கும் வாரத்தில் கொஞ்சம் எடுத்துக் கட்டிவிடலாம் என்று ஆன்ட்டியே தன் ஆட்களிடம் சொல்ல ஆரம்பித்தார். முதலில் அவருடைய சொந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், பிறகு அந்த மேற்கு பெர்பீஸ் பெண்மணியின் மருமகளை.