காது திரும்பியது, அப்புறம்தான் குரல்

2023 அக்டோபர் 7. கலிஃபோர்னியாவில் இண்டியோ என்கிற ஊர், பவர் ட்ரிப் என்கிற விழா. அன்று ஏசி/டிசி என்கிற ராக் குழு மேடையேறியபோது அதன் பாடகர் பிரையன் ஜான்சனுக்கு 76 வயது நிறைந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அந்த நிகழ்ச்சியை முதலில் நான் பார்த்தது கூட்டத்தில் யாரோ கைபேசியில் எடுத்த வீடியோவில்தான், படம் ஆடுகிறது, பக்கத்தில் நிற்கிறவர் கத்துவது பாட்டை விட அதிகமாகக் கேட்கிறது. ஆங்கஸ் யங்கின் கிட்டார் தொடங்குகிறது, கூட்டம் அலறுகிறது, சில நொடிகளில் அந்தக் குரல் வருகிறது, தகரத்தை ரம்பத்தால் அறுப்பது போன்ற அதே குரல். வரவேண்டிய இடத்தில் சரியாக வந்தது. அந்த ஒரு இடத்தை மட்டும் அன்றைக்கு எத்தனை முறை திரும்பத் திரும்பப் போட்டேன் என்று கணக்கில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் இந்த மனிதருக்கு மேடையில் கிட்டார் எங்கே இருக்கிறது என்பதே கேட்கவில்லை.

அவர் பாட்டை நிறுத்தியபோது பலரும் தொண்டை போய்விட்டது என்றே நினைத்தார்கள். அப்படிக் கத்திப் பாடுகிற ஒருவருக்கு முதலில் போவது தொண்டையாகத்தான் இருக்கும் என்று நானும் எப்போதும் நினைத்திருந்தேன். ஆனால் போனது காது. 2016 பிப்ரவரி 28 அன்று கான்சஸ் சிட்டியில் பாடினார், மார்ச் 7 அன்று அறிவிப்பு வந்தது: உடனே சுற்றுப்பயணத்தை நிறுத்தாவிட்டால் முழுச் செவிடாகும் ஆபத்து இருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் மீதமிருந்த 10 நிகழ்ச்சிகள் தள்ளிவைக்கப்பட்டன. பிற்பாடு அவரே வெளியிட்ட அறிக்கையில், மேடையில் கிட்டார்களும் மற்ற வாத்தியங்களும் தெளிவாகக் கேட்காததால் தான் பாடுவதன் தரம் கெட்டுவிடுமோ என்று பயந்ததாகச் சொன்னார். ஸ்டுடியோவில் பாடலாம், பெரிய மேடை மட்டும் கூடாது என்பது மருத்துவர்கள் கொடுத்த சலுகை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. முப்பத்தைந்து வருடம் பாடிய பாட்டுதானே, காது கேட்காவிட்டால் என்ன, மனப்பாடம்தானே என்று தோன்றும். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். காது முழுக்க மூடும் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு வெறும் இரைச்சலை ஓடவிட்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடி, போனில் பதிவு செய்து கேளுங்கள். நான் செய்தேன். முதல் வரி ஓரளவு நின்றது. இரண்டாவது வரியில் சுருதி மெல்ல நகர்ந்துவிட்டது, நகர்ந்தது எனக்குத் தெரியவே இல்லை. அதைவிட முக்கியமாக, தொண்டை கிழிகிற மாதிரி கத்தியிருக்கிறேன், அதுவும் பாடும்போது தெரியவில்லை. சுற்றிலும் சத்தம் இருந்தால் நம்மை அறியாமல் குரலை உயர்த்துவோம் என்பதை எட்டியென் லோம்பார் என்கிற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதிவைத்தார், அவர் பெயரிலேயே அதை லோம்பார் விளைவு என்கிறார்கள். அதாவது காது போனால் கொஞ்ச நாளில் தொண்டையும் சேர்ந்து போகலாம். சுருதி மாதா, லயம் பிதா என்கிறோம், இரண்டுமே காது வழியாகத்தானே உள்ளே வர வேண்டும். எங்கே தொடங்குவது, எந்த உயரத்தில் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, மூன்றையும் பாடகனுக்குச் சொல்வது காது. ஜான்சன் கடைசியில் பாடியதெல்லாம் பழக்க தோஷத்தில் உடம்பு தானாகச் செய்தது.

இந்த விஷயம் என்னை இவ்வளவு தொடுவதற்குக் காரணம் உண்டு. எனக்கு இடது காதில் ஒரு ரீங்காரம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு இரவு முழுக்க ஒலிபெருக்கி அடுக்குக்குப் பக்கத்தில் நின்றேன், மறுநாள் காலை காதுக்குள் மெல்லிய விசில் கேட்டது, சரி, இரண்டு நாளில் போய்விடும் என்று விட்டுவிட்டேன். போகவில்லை. இதை எழுதும்போதும் கேட்கிறது. அப்புறம்தான் காதைப் பற்றித் தேடிப் படித்தேன். உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு எலும்புக் குழாய், அதற்குள் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது இருப்பதுதான் கணக்கு, மனிதருக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வுக்கான நியோஷ் என்கிற நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதிலிருந்து ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் போனால் 15 நிமிடம்தான். ராக் கச்சேரி மேடை அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும், அங்கே இரண்டு மணி நேரம், ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, 1980இலிருந்து.

ஜான்சன் மட்டும் பழியை இசை மேல் போடமாட்டார். அவருக்கு கார் பந்தயம் உயிர். காதில் அடைப்பான் வைக்காமல் பந்தய காரில் உட்கார்ந்ததுதான் காரணம் என்று சொன்னார். இரண்டும் சேர்ந்துதான் கெடுத்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் தன்னை வாழவைத்த இசையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அவருக்கு மனம் வராதது எனக்குப் புரிகிறது.

அவர் விலகிய அடுத்த மாதமே, ஏப்ரலில், அந்த இடத்துக்கு கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் வந்தார். மே 7 அன்று லிஸ்பனில் முதல் நிகழ்ச்சி, கால் எலும்பு முறிந்திருந்ததால் ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் பாடகர் டேவ் க்ரோல் கொடுத்த சிம்மாசனம் மாதிரியான நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். நன்றாகவும் பாடினார், அதில் சந்தேகமில்லை. ஜான்சன் அதைப் பார்க்கவே இல்லை. 2022இல் வந்த தன் வாழ்க்கைக் கதையில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்: நம் வீட்டுக்குள் போனால் நமக்குப் பிடித்த நாற்காலியில் யாரோ ஒரு அந்நியர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது, ஆனால் யார் மேலும் கோபம் இல்லை என்று. அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஏனென்றால் அந்த நாற்காலியே அவருக்கும் இன்னொருவர் விட்டுப்போனது.

இந்தக் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் ஜான்சன் ஜியார்டி என்ற குழுவில் பாடினார், சில பாட்டுகள் ஓடின, அப்புறம் எல்லாம் அடங்கிப்போனது. முப்பது வயதைத் தாண்டி, இங்கிலாந்தின் வடகிழக்கில், கார் கூரைகளுக்கு வினைல் உறை ஒட்டும் சின்னத் தொழில் நடத்திக்கொண்டு, இரவில் உள்ளூர் கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டைத் தொப்பிகூட அப்போது வந்ததுதான், தலையிலிருந்து வழியும் வியர்வை கண்ணில் இறங்காமல் இருக்க அண்ணன் தம்பி பாசத்தில் சகோதரர் கொடுத்தது. 1980 பிப்ரவரி 19 அன்று ஏசி/டிசியின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். அந்த பான் ஸ்காட்டே 1973இல் ஜியார்டிக்கு முன்னால் பாட வந்த இன்னொரு குழுவில் இருந்தவர், ஜான்சன் பாடுவதை நேரில் பார்த்து, பின்னாளில் தன் குழுவிடம் வியந்து சொன்னவர். இறந்தவர் சொல்லிவிட்டுப் போன பெயர் அது. ஜான்சன் சேர்ந்தார், பஹாமாஸுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள், ஜூலையில் பேக் இன் பிளாக் வெளியானது. கறுப்பு அட்டை, துக்கத்துக்காக. முதல் பாட்டு மணியோசையில் தொடங்கும். உலகத்தில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் அது ஒன்று.

ஒரு மரணத்தால் காலியான இடத்தில் நின்று, அந்த மனிதரை ஒரு நாளும் மறக்காமல், அவருடைய பாட்டுகளையும் தன் பாட்டுகளையும் ஒரே மேடையில் பாடியவர் இவர். அப்படிப்பட்டவர் தன் இடம் காலியானதை உயிரோடு இருந்து பார்க்க வேண்டி வந்தது.

திரும்பி வந்தது சட்டென்று நடக்கவில்லை. 2017 ஆகஸ்டில் ரெடிங் விழாவில் மியூஸ் குழு திடீரென்று அவரை மேடைக்கு அழைத்து ஒரே ஒரு பாட்டு பாடவைத்தது, அதைப் பார்த்தபோது குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்தது. அதே வருடம் நவம்பர் 18 அன்று மால்கம் யங் இறந்தார், ஆங்கஸின் அண்ணன், ஏசி/டிசியின் முதுகெலும்பு, மறதி நோயால் 2014இலேயே விலகியவர். தன் குழுவின் பாட்டுகளையே மறந்துபோகும் நோய் ஒருவருக்கு, அந்தப் பாட்டே காதில் விழாத நிலை இன்னொருவருக்கு. 2018இல் வான்கூவரில் ஜான்சனும் மற்றவர்களும் கூடி, மால்கம் விட்டுப்போன மெட்டுகளிலிருந்து பாட்டுகளைப் பதிவு செய்தார்கள், அது 2020 நவம்பரில் பவர் அப் என்று வெளிவந்தது. ஸ்டுடியோ சரி. மேடை?

அதற்கு வேறொரு மனிதர் வர வேண்டியிருந்தது. ஸ்டீவன் ஆம்ப்ரோஸ், இன்று பாடகர்கள் மேடையில் பாட்டைக் கேட்பதற்குக் காதுக்குள் செருகிக்கொள்ளும் மானிட்டர்களை உருவாக்கிய முன்னோடி. ஜான்சனின் செய்தியைப் படித்துவிட்டு அவரே தேடி வந்தார். காதுக்குள் அடைக்கும் கருவிகளில் காற்றழுத்தம் சேர்ந்து செவிப்பறையை வருத்துகிறது என்பது ஆம்ப்ரோஸ் வெகுநாளாகச் சொல்லிவரும் விஷயம். இருவரும் ஏறக்குறைய இரண்டரை வருடம் உட்கார்ந்து முயன்றார்கள். முதலில் கொண்டுவந்த கருவி கார் பேட்டரி பெரிசு இருந்தது என்று ஜான்சன் பின்னால் சொன்னார். அதைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி, மண்டை எலும்பையே ஒலியைப் பெறும் பாகமாகப் பயன்படுத்தும் ஒரு கருவியாக்கினார்கள். செத்த செல்கள் பிழைக்கவில்லை. இருக்கிற மிச்சத்தை வைத்துக்கொண்டு, வேறு வழியில் ஒலியை உள்ளே கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் பின் குழுவோடு முழுச் சத்தத்தில் ஒத்திகை பார்த்தபோது கிட்டார் கேட்டது, டிரம்ஸ் கேட்டது, தன் குரல் தனக்குக் கேட்டது.

பெருந்தொற்று வந்து எல்லாவற்றையும் இன்னும் தள்ளிப்போட்டது. 2022 செப்டம்பர் 3 அன்று லண்டன் வெம்ப்ளியில், மறைந்த டிரம்ஸ் கலைஞர் டெய்லர் ஹாக்கின்ஸ் நினைவு நிகழ்ச்சியில் இரண்டு பாட்டு பாடினார். அப்புறம் இண்டியோ. மால்கம் இடத்தில் அவர்களுடைய அண்ணன் மகன் ஸ்டீவி, டிரம்ஸில் மாட் லாக், ஓய்வு பெற்றிருந்த பேஸ் கிட்டார்காரர் கிளிஃப் வில்லியம்ஸ் இந்த ஒரு இரவுக்காகத் திரும்பி வந்தார்.

குரல் முன்பு போல இருந்ததா என்று கேட்டால், இல்லை. எண்பதுகளில் ஒரே மூச்சில் இழுத்த இடங்களில் இப்போது நடுவில் மூச்சு வாங்குகிறார், உச்சத்தில் சில சொற்கள் பாதியிலேயே தேய்ந்துபோகின்றன. இதைச் சுட்டிக்காட்டி, இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்று பலர் எழுதினார்கள். அவர்களோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. 76 வயதில் உச்ச ஸ்தாயி குறைவது இயற்கை, அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. நான் கவனித்தது வேறு. அவர் எங்கேயும் தாளத்தை விட்டு விலகவில்லை, முன்னால் ஓடவில்லை, பின்னால் தொங்கவில்லை, கிட்டாரின் இடைவெளிக்குள் சரியாக நுழைந்து சரியாக வெளியே வருகிறார். கேட்டுப் பாடுகிறவருக்கும் நினைவில் பாடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் அது. ஹெவி மெட்டல் என்று ஊரே சொன்னாலும், நாங்கள் ராக் அண்ட் ரோல் குழு என்றுதான் யங் சகோதரர்கள் கடைசிவரை சொன்னார்கள். ராக் அண்ட் ரோலில் பாடகன் தாளத்தின் மேல் சவாரி செய்ய வேண்டும், அந்தச் சவாரி அப்படியே இருந்தது.

2024 மே 17 அன்று ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் முழுச் சுற்றுப்பயணமே தொடங்கிவிட்டது. அந்த வீடியோக்களும் வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆனாலும் கை தேடிப் போவது அந்த ஆடுகிற இண்டியோ வீடியோவைத்தான். வால்யூமைப் பாதிக்கும் கீழே வைத்து, நல்ல காதில் மட்டும் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு பார்க்கிறேன். தொப்பியின் விளிம்பு, ஒலிவாங்கியை இறுக்கிய கை. கிட்டார் தொடங்குகிறது, கூட்டம் அலறுகிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறேன்.