ஈரம் தங்கும் இடம்

மார்ச் 4, 2024, திங்கள்

எங்கள் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாட்களுக்குள் இரண்டு குழந்தைகளின் இரத்தக் கல்ச்சரில் (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையில்), ஈரத்தில் தழைக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் வளர்ந்திருக்கிறது. இருவரும் வெவ்வேறு நாட்களில் மூன்றாம் எண் இன்குபேட்டரில், அதாவது குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் பெட்டியில், படுத்திருந்தவர்கள் என்பது, பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. இப்போது அதில் இருந்த குழந்தையை உடனே வேறொன்றுக்கு மாற்றிவிட்டு, ஹூட் எனும் ஒளிபுகும் மேல்மூடியின் உட்புறம், மெத்தை, கை நுழைக்கும் துவாரத்தின் ரப்பர் வளையம், ஈரப்பதத்துக்கான தண்ணீர்த் தொட்டி என நான்கு இடங்களில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்த மாதிரி) எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அறிக்கை வரும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்று தாள் ஒட்டியிருக்கிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

குழந்தை உள்ளே இருக்கும்போது அன்றாடம் துடைப்பதற்குக் கிருமிநாசினி எதுவும் வேண்டாம்; மென்மையான சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியும், பிறகு சுத்தமான நீரில் நனைத்த துணியும் போதும். அந்த மூடிய பெட்டிக்குள் ஆவியாவது எல்லாம் குழந்தையின் மூச்சில்தான் போகும். பினாயில் வாசனை அடித்தால்தான் ஆஸ்பத்திரி சுத்தமாக இருக்கிறது என்று நம்பும் ஊர் இது. நேற்றுகூட ஒரு பாட்டி, "இங்க ஒரு வாசனையும் இல்லையே சிஸ்டர்" என்று சந்தேகப்பட்டார். ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளைச் சரியாக நீர்க்காமல் பயன்படுத்திய அமெரிக்க மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கூடியதை 1970களிலேயே கண்டறிந்துவிட்டார்கள். ஸ்பிரிட்டும் ஆகாது. யாரோ அவசரத்தில் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்ததன் பலனாக, ஐந்தாம் எண்ணின் அக்ரிலிக் ஹூட்டில் சிலந்தி வலைபோல் நுண்ணிய வெடிப்புகள் ஓடுகின்றன. அந்த வெடிப்புகளுக்குள் எந்தத் துணியும் நுழையாது.

மார்ச் 7, வியாழன்

அறிக்கை வந்துவிட்டது. ஹூட்டிலும் மெத்தையிலும் ஒன்றும் வளரவில்லை. ரப்பர் வளையத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் சூடோமோனாஸ்.

மார்ச் 8, வெள்ளி, இரவுப் பணி

சிவராத்திரிக்கு ஊரே கண்விழித்திருக்க, நானும் தூய்மைப் பணியாளர் அக்காவும் மூன்றாம் எண்ணை முழுவதுமாகப் பிரித்துப் போட்டோம். மின்இணைப்பைத் துண்டித்து, சூடு ஆறிய பிறகு மெத்தை, அதன் தட்டு, அடித்தளம், காற்றாடி, ரப்பர் வளையங்கள் என ஒவ்வொன்றாகக் கழற்றினோம். வெளியிலிருந்து பார்க்கையில் கண்ணாடிபோல் மின்னிய பெட்டிதான். ஆனால் வளையத்தை விரலால் மடித்துத் திருப்பியபோது, பழைய தோசைக்கல்லின் ஓரத்தில் ஏறிய பிசுக்குப்போல மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. காய்ந்த பாலும் தோல்துகளும் சேர்ந்த படிவு அது. காற்றாடியின் இதழ்களில் பஞ்சு நூலும் ஒரு நீண்ட தலைமுடியும் சுற்றியிருந்தன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய காற்று ஃபில்டரின் ஓரத்தில் எழுதியிருந்த தேதி, அக்டோபர்.

தொட்டியின் உள்மூலையில் கட்டைவிரலை ஓட்டியதும் வழுக்கியது. அந்த வழுவழுப்பு கிருமிகள் தங்களுக்கெனக் கட்டிக்கொண்ட படலம். மேலே ஊற்றும் மருந்து அதன் மேற்பரப்பை மட்டுமே தொடும், ஆகையால் தேய்த்து உரிக்காமல் அதை வெல்ல முடியாது. இதன் காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை. கர்ப்பத்தின் 30 வாரங்கள் நிறையும் முன்பே பிறந்த குழந்தைக்குத் தொடக்க நாட்களில் 70 முதல் 80 சதவீத ஈரப்பதம் வைக்கிறோம். அதற்காகத் தொட்டியில் உள்ள நீரை நாள்தோறும் முழுமையாகக் கொட்டி, புதிய டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். நடப்பது என்னவென்றால், ஒரு செவிலியர் எட்டுக் குழந்தைகளைப் பார்க்கும் இரவில், குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

முதலில் சோப்பு நீரில் பல்துலக்கும் பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தோம். அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி அழுக்கோடுதான் மல்லுக்கட்டும். பிறகு கிருமிநாசினி பூசி, டப்பாவில் குறித்திருந்த 10 நிமிடங்களும் பரப்பு ஈரமாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். உடனே துடைத்தெடுக்க அக்காவின் கை பரபரத்தது, "காயட்டும்னு விட்டா வேலை எப்ப முடியும் சிஸ்டர்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அவருக்கு இன்னும் இரண்டு வார்டுகள் பாக்கி. சுத்தமான நீரால் மீண்டும் துடைத்து, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே உலர்த்தினோம். எங்கள் மாடலின் தொட்டி, அழுத்த நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவைத் தாங்கும் என்று கையேட்டில் இருந்ததால் அதைக் காலையில் அனுப்பினேன். வளையங்களையும் ஃபில்டரையும் புதிதாகவே கேட்டு எழுதியிருக்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

புதிய வளையங்களும் ஃபில்டரும் வந்து சேர்ந்தன; மறுபடி எடுத்த ஸ்வாப்பிலும் வளர்ச்சி இல்லை.

ஏழு நாட்களுக்கு ஒருமுறை குழந்தையை வேறு இன்குபேட்டருக்கு மாற்றவேண்டும் என்பது விதி. உதிரியாக ஒன்றுகூட இல்லாத பிரிவில் அது ஏட்டில்தான் இருந்தது. இன்று ஆறாம் எண்ணில் பதினோரு நாட்களாக இருந்த, 1 கிலோ 300 கிராம் எடையுள்ள பெண் குழந்தையைத் தாயின் மார்பில் கங்காரு முறையில் கட்டிவைத்தோம். மூன்றாம் எண்ணைச் சூடேற்றித் தயார்செய்யும் வரை ஒன்றரை மணி நேரம் அந்தத் தாய் அசையாமல் சாய்ந்திருந்தார். குழந்தையின் வெப்பநிலை 36.8 டிகிரியில் நிலையாக நின்றது. இதையே வழக்கமாக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன்.

ஆறாம் எண்ணை இப்போது பிரிக்கத் தொடங்கியிருக்கிறோம். மூன்றாம் எண்ணின் கைப்பிடியில் நூல் கோத்து ஒரு அட்டை தொங்குகிறது: உள்ளே வந்தது 11.3, வெளியேற வேண்டியது 18.3. அதன் கீழே, தொட்டி நீரைக் கொட்டியவர் கையெழுத்திட ஏழு கட்டங்கள்.