இரவு இரண்டு மணிக்கு ஓடும் மீட்டர்

சுற்றுச்சூழல் மேலாண்மை என்று மாமாவிடம் பேச்செடுத்தால், "அதெல்லாம் ஃபைவ் ஸ்டார்காரன் சமாச்சாரம்டா, எனக்கு டேங்கர்காரனுக்கு அளக்கவே சரியாப் போகுது" என்பார். அந்த டேங்கர் பணத்தைக் குறைப்பதுதான் சுற்றுச்சூழல் மேலாண்மை என்று அவருக்குப் புரிய வைத்ததுதான் இதில் பெரிய வேலை. மற்றதெல்லாம் பிளம்பர் பார்த்துக்கொண்டார்.

பெங்களூரு மெஜஸ்டிக் பக்கத்தில் மாமாவுக்கு முப்பது சொச்சம் அறைகள் உள்ள லாட்ஜ், கீழே டிபன் செக்‌ஷன். கணக்கு வழக்கு என் பொறுப்பு. 2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீருக்குத் திண்டாடியது நினைவிருக்கும். ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு ஆயிரம் ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை வைத்தது; கேட்ட நேரத்துக்கு வண்டி வர வேண்டுமே! குழாய்களில் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலந்து வரத்தைக் குறைக்கும் சின்ன மூடி) மாட்டியே ஆக வேண்டும் என்று குடிநீர் வாரியமும் ஹோட்டல்களுக்கு உத்தரவு போட்டது. வாஷ்பேசினுக்கும் டிபன் செக்‌ஷன் கைகழுவும் இடத்துக்கும் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் லாட்ஜில் குளியல் என்றால் பக்கெட் குளியல்தான், பக்கெட் குழாயில் ஏரேட்டரை மாட்டினால் அதே பக்கெட் மெதுவாக நிறையும், அவ்வளவுதான். ஒரு சொட்டுகூட மிச்சமாகாது, ரிசப்ஷனுக்குத் திட்டு மட்டும் வரும்.

பெரிய ஹோட்டல்காரர்கள் செய்வதை அப்படியே எடுத்து நம் தலையில் கட்டினால் இப்படித்தான் ஆகும். டவலைத் திரும்பப் பயன்படுத்துங்கள் என்று படுக்கையில் அட்டை வைப்பார்கள் இல்லையா, எங்களிடம் தங்குகிறவர்கள் கல்யாணத்துக்கும் பரீட்சைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து ஒரே ராத்திரியில் காலி செய்கிறவர்கள். யாருக்காக அட்டை?

எங்களுக்கு உருப்படியாக உதவியது மாடிக்கு ஒரு வாட்டர் மீட்டர். ஓவர்ஹெட் டேங்கில் இருந்து இறங்கும் ஒவ்வொரு லைனிலும் ஒன்று. நைட் டியூட்டியில் இருக்கும் பையன் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் ரீடிங் எழுதி வைக்க வேண்டும். எல்லாரும் தூங்கும் நேரத்தில் முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இரண்டாவது மாடியில் நகர்ந்தது. எந்த அறை என்று கண்டுபிடிக்க சமையல்கட்டில் இருந்து கேசரி கலர் எடுத்து வந்து ஒவ்வொரு ஃப்ளஷ் டேங்கிலும் ஒரு சிட்டிகை போட்டோம். ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால், ஒழுகுகிற டேங்க் இருக்கும் பாத்ரூமில் மட்டும் கோப்பையில் ஆரஞ்சு நிறம் இறங்கியிருக்கும். சத்தமே இல்லாமல் நாள் முழுக்க ஒழுகிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்ததால். அதன் விலையைச் சொன்னபோது மாமா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் வெந்நீர். 'காலை 5 முதல் 9 வரை' போர்டு இல்லாத லாட்ஜ் இந்த ஊரில் உண்டா? சோலார் ஹீட்டர் மொட்டை மாடியில் இருக்கிறது, முதல் மாடிக் கடைசி அறை வரை குழாயில் ராத்திரி முழுக்க ஆறிப்போன தண்ணீர் நிற்கிறது. வெந்நீர் வரும் வரை கஸ்டமர் அதைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்பார், கிட்டத்தட்ட ஒரு பக்கெட் நேராகச் சாக்கடைக்கு. நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவந்த காவிரித் தண்ணீர் அது! குழாய்களுக்கு ஃபோம் சுற்றி, ஆறிய தண்ணீரை சோலார் டேங்குக்கே திருப்பி அனுப்ப ஒரு ரிட்டர்ன் லைனும் சின்ன பம்பும் போட்டோம். பம்ப் அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் ஓடினால் போதும். செலவு கொஞ்சம் கடித்தது, உண்மைதான்.

இடையில் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரச் சான்றிதழான ஐஎஸ்ஓ 14001 வாங்கித் தருகிறேன் என்று ஒரு கன்சல்டன்ட் வந்து தடிமனான ஃபைல் ஒன்றைக் காட்டினார். இத்தனை லிட்டருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று அந்தத் தரநிலை எங்கேயும் சொல்வதில்லை. இலக்கு வை, செய், அள, சரிபார், திருத்து, இதுதான் அதன் சாரம். சான்றிதழ் கட்டாயமும் இல்லை. கம்பெனிகளுக்கு அறை கொடுக்கிறவர்களுக்குச் சுவரில் மாட்ட உதவலாம், எங்களுக்கு அந்த நைட் ரீடிங் நோட்டே போதும்.

மற்றவை சில்லறை. ஃபேன் பழுதானால் காயில் கட்டாமல் முப்பது வாட் சொச்சத்தில் ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேனாக மாற்றுகிறோம், பழையது எழுபத்தைந்து வாட் இழுக்கும். பொரித்த எண்ணெயை பயோடீசலுக்கு வாங்குகிறவர்களிடம் கொடுக்கிறோம். ரோட்டோர போண்டா கடைக்குக் கைமாற்றினால் கூடுதல் காசு வரும், ஆனால் அதைவிடக் கேவலமான வியாபாரம் இல்லை.

மிச்சம் இருப்பது கேஸ். பதினோரு மணிக்கு மேல் ஆளே இல்லாதபோதும் தோசைக்கல் முழு நெருப்பில் காய்ந்துகொண்டிருக்கிறது. அணைக்கச் சொன்னால் கல் திரும்பச் சூடேறுவதற்குள் ஆர்டர் தேங்கிவிடும் என்கிறார் மாஸ்டர், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சின்னக் கல் ஒன்று தனியாகப் போட்டு மந்தமான நேரத்தை அதில் ஓட்டலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள், மாஸ்டரிடம் பேச எனக்குத் தெம்பாக இருக்கும்.