நாலு முளை, ஒரு கயிறு

தை மாதம் சம்பா அறுப்பு. பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு, அதாவது சிறு கட்டம் ஒன்றை அறுத்து எடை போட்டு ஊர் மகசூலைக் கணிக்க, வயலில் இறங்கினால் முதலில் காதில் விழுவது இதுதான்: "நல்லா விளைஞ்ச வயலாப் பார்த்துத்தானே சார் அறுக்கிறீங்க?" புள்ளியியல் துறையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கோபம் வரும். அப்புறம்தான் புரிந்தது, விவசாயிகள் கேட்பது நியாயம். பயிர்க் காப்பீட்டுப் பணம் வருமா வராதா என்பதே அந்த எடையில் இருக்கிறது. எந்த வயல், எந்த மூலை என்று எப்படி முடிவாகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினம், இந்தியப் புள்ளியியலின் முன்னோடி மகலனோபிஸ் பிறந்த நாள். ஒருமுறை அன்றைக்குக் கூட்டம் போட்டுப் பேசிப் பார்த்தோம். டெல்டாவில் அது குறுவை நடவு நேரம், யார் வருவார்கள்? வந்த சிலரிடமும் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று பேசினேன். நிலத்தை மா, வேலி என்றும் நெல்லை மூட்டை என்றும் கணக்குப் போடுகிறவர்களிடம் ஹெக்டேர்! தப்பு என்னுடையதுதான்.

அடுத்த சம்பாவுக்குப் பக்கத்துக் கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டோம். அவர்கள் முதலில் செய்தது, ஊரின் சர்வே எண்களைச் சீட்டில் எழுதி ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கியது. துறையில் நாங்கள் அட்டவணையில் பார்க்கும் சமவாய்ப்பு எண் இதே வேலையைத்தான் செய்கிறது என்றார்கள். "அட, குடவோலை!" என்றார் ஒரு பெரியவர். அரை மணி நேரம் நான் பேசியிருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

பிறகு வயல். தென்மேற்கு மூலையிலிருந்து நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளந்து, சமவாய்ப்பு எண் எடுத்து, விழுந்த இடத்தில் முளை அடிக்க வேண்டும். அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர். கட்டம் கோணலாகிவிட்டால் பரப்பு மாறிவிடும். அதனால் மூலைவிட்டத்தைப் பிடித்துப் பார்ப்போம்; 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வர வேண்டும். அந்த டேப்பின் ஒரு முனையை அன்று வயல்காரரிடமே கொடுத்தோம். அறுத்து, அடித்து, தூற்றி, தராசில் ஏற்றியபோது முள்ளைப் படித்ததும் அவர்தான்.

கணக்கையும் அவர்கள் பாஷைக்கு மாற்றினோம். எங்கள் பக்கம் 3 மா ஒரு ஏக்கர், மூட்டை 60 கிலோ. கட்டத்தில் 12 கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 4,800 கிலோ. மாவுக்கு ஏறக்குறைய 11 மூட்டை. ஈரப்பதம் கழிப்பது தனி. மூட்டையில் சொன்னதும் "சரிதான், இந்த வயலுக்கு அவ்வளவுதான் காணும்" என்று தலையாட்டினார்கள்.

சராசரிதான் கடினமாக இருந்தது. நாலு கட்டத்தில் ஒன்று மூழ்கி 2 கிலோ, மற்றவை 13, 14, 15 என்று வைத்துக்கொண்டால் சராசரி 11. கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியிலிருந்து வரும், காப்பீட்டின் உத்தரவாத மகசூலை ஊர்ச் சராசரி தாண்டிவிட்டால், அந்தக் கணக்கில் மூழ்கிய வயல்காரருக்கும் ஒன்றும் வராது. ஒரு மாணவி இதைச் சுவரில் நாலு நெல் குவியலாக வரைந்து காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "அப்ப என் குவியல மத்த மூணும் மறைச்சிடுதா பாப்பா?" அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. அந்தக் கேள்வியை எங்கள் துறைக் கூட்டத்தில் நான் அப்படியே எடுத்து வைத்தேன். அப்போது விதி மாறவில்லை. ஆனால் அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி, அதைக் கேட்க அவருக்கு அந்தப் படம் போதுமானதாக இருந்தது.

போன தையில் அதே ஊருக்குப் போனோம். முளை அடித்து முடித்து அரிவாளை எடுக்கும்போது வரப்பிலிருந்து ஒரு குரல்: "இருங்க சார், குறுக்க பிடிச்சுப் பார்த்துடலாம்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் இறங்கி வந்து டேப்பை வாங்கினார். 4 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. முளையைப் பிடுங்கித் திரும்ப அடித்தோம்.